கனகலதா குடிக்காத தண்ணீர்

"எத்தனை நாளாக இருக்கிறது?" என்று டாக்டர் முதலில் கேட்டார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

"சின்னவ பொறந்ததுலேர்ந்து," என்றார் கனகலதா.

"சின்ன மகளுக்கு இப்போது என்ன வயது?"

"இருபத்தாறு முடியப் போகுது."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். கனகலதா என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

எப்போதெல்லாம் சிறுநீர் கசிகிறது என்று டாக்டர் கேட்டார். அதைத் தமிழில் கேட்பதற்குள் எனக்குக் காது சூடாகிவிட்டது. கனகலதா அலட்டிக்கொள்ளாமல் விரல்களை மடக்கிக்கொண்டே வந்தார். "தும்மினா. இருமினா. பஸ்சு பள்ளத்துல எறங்கினா. கொழந்தைய தூக்கினா." சுண்டுவிரலில் வந்து நின்றார். "சிரிச்சா. சிரிச்சாதான் ஜாஸ்தி. அதனால சிரிக்கறதை விட்டுட்டேன்மா."

அவசரமாக வருவது, அடக்க முடியாமல் ஓடுவது, அப்படி ஏதாவது?

"அவசரம்லாம் ஒண்ணும் கெடையாது. அது பாட்டுக்கு வந்துடும், என்னைக் கேக்காம."

வேறு யாரிடமாவது காட்டினீர்களா?

"போன மாசம்தான் ஒரு லேடி டாக்டர்கிட்ட போனேன். கர்ப்பப்பை எறங்கல, ஆபரேஷனுக்கு அவசரமில்ல, மொதல்ல வேற பண்ணிப் பாருங்கன்னாங்க."

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பதில் வந்தது. "நான் ஒருவேளை நோன்பு. மத்தியானம் ஒரே வாட்டிதான். சாப்பாடு, தண்ணி எல்லாம் அதோட சரி. மூணு வருஷமா."

நான் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏகாசனம்," என்றார், நான் சொல்லாத ஒரு சொல்லை. "எங்கள் அம்மாவும் இந்த நோன்பு இருக்கிறார். பதினோரு வருஷமாக." பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கனகலதாவை நோக்கிக் கைகூப்பினார். தண்ணீர்க் கணக்கு எழுத வேண்டிய கட்டத்தில் 'விரதம்' என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அதுதான் கடைசிக் கேள்வி. இந்தச் சிகிச்சையால் உங்களுக்கு என்ன ஆக வேண்டும்?

"ஆறு வாரம் கழிச்சு எங்க ஊர்க் கோயில்ல விசேஷம். கெணத்துலேர்ந்து கோயில் வரைக்கும் தலைமேல தீர்த்தக் குடம் வெச்சு ஒரு கிலோமீட்டர் நடக்கணும். இருபத்தோரு பொம்பளைங்க. மொதோ குடம் எனக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. அந்த ஒரு கிலோமீட்டரை நனையாம நடக்கணும்."

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த கிளினிக். டாக்டர் மகாராஷ்டிரத்தில் சாங்லிப் பக்கத்துக்காரர். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அக்குபஞ்சர் படித்தவர். கனகலதாவைப் போலவே ஜைனர். தமிழ் வராது. எட்டாவது வரை தமிழிலும் அதற்குப் பிறகு ஆங்கிலத்திலும் படித்த நான், வாரம் மூன்று நாள் அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அதிகம் பேசாத பெண் என்பதால்தான் இந்த வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததாக டாக்டர் பிறகு சொன்னார்.

கனகலதாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. கீழ்பென்னாத்தூருக்கு அடுத்த ஒரு சிற்றூரில் அங்கன்வாடிப் பணியாளர். கணவர் ஜம்புகுமாருக்கு நெல்லும் மணிலாக் கொட்டையும் போடும் நிலம் கொஞ்சம் இருந்தது. மூத்த மகள் அனுபமாவுக்குக் கல்யாணமாகிவிட்டது. இளையவள் சன்மதிக்குப் பெங்களூரில் வேலை. பிறக்கும்போது சன்மதி நான்கு கிலோவுக்கு மேல் இருந்ததால் ஆயுதம் போட்டு எடுத்தார்களாம். "அவ வெளிய வர்றப்போ கதவை ஒடச்சிட்டு வந்துட்டா. அதுக்கப்புறம் கதவு சரியா சாத்தல," என்பார்.

மின்தூண்டலோடு சேர்ந்த அக்குபஞ்சரில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. குப்புறப் படுக்கச் சொல்லி, இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் இரு பக்கமும் நீளமான ஊசிகளை இறக்குவார்கள். ஊசிகளில் சிறு கிளிப்புகளை மாட்டி, கையடக்கமான ஒரு பெட்டியிலிருந்து மெல்லிய மின்சாரம் விடுவார்கள். அரைமணி நேரம் அந்த இடத்துத் தசை தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். வாரத்துக்கு மூன்று முறை வீதம் ஆறு வாரம், மொத்தம் பதினெட்டு. சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்கு அவ்வளவாகக் கேட்காது, வீட்டில் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியையும் விடாமல் செய்ய வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஊசி வலிக்குதா?" என்று திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். அதன் ஓரத்தில் அவர் முகம் மட்டும் தெரிந்தது.

"வலி இல்ல. உள்ள யாரோ தந்தி அடிக்கறாங்க. இதுக்கு ஈபிகாரங்க தனி மீட்டர் வெப்பாங்களா, கேளு."

நான் கேட்டேன். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கனகலதா மட்டும் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டார். அவர் எங்களைச் சிரிக்க வைத்த ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்தார்.

அங்கன்வாடிக் கதைகளை எல்லாம் அந்தத் தலையணையைப் பார்த்தபடியேதான் சொன்னார். மாதம் ஒரு முறை குழந்தைகளைத் தூக்கி எடைத் தொட்டிலில் வைக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையைத் தூக்கும்போதும் ஒரு சொட்டு. முப்பது குழந்தை தூக்கி முடிப்பதற்குள் புடவை மாற்ற வேண்டியிருக்கும். அதனால் அந்த வேலையை உதவியாளர் சரசுவின் தலையில் கட்டிவிட்டார். சரசு விடுவாளா? "இன்னா டீச்சர், மூணு வருஷமா மகாராணியாட்டம் ஒக்காந்துக்குனே பேரு எழுதறீங்க? நோன்பு இருந்தா கையில பலம் போயிடுமா?" என்பாளாம். அதை அவள் குரலிலேயே பேசிக் காட்டினார்.

"கொழந்தைங்க ஒண்ணுக்குப் போய்ட்டா நான்தான் கழுவி ட்ரவுசர் மாத்தறேன். ஒரு அருவருப்பு கெடையாது. அழற புள்ளைய, இதுல என்னடா இருக்கு, எல்லாருக்கும் வர்றதுதானேன்னு சமாதானம் சொல்றேன்," என்றார் ஒரு நாள்.

மூன்றாவது வாரம் அவர் முகம் வெளிறி வந்தார். எரிச்சல், லேசான காய்ச்சல். டாக்டர் ஊசி போடாமல் பரிசோதனைக்கு அனுப்பினார். சிறுநீர்த் தொற்று. மாத்திரை எழுதிக் கொடுத்து, நான்கு நாள் கழித்து வரச் சொன்னார். அவர் போன பிறகு டாக்டர் வெகுநேரம் அந்த அறிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணீர் போதவில்லை. பாதிக் குறை அதனால்தான்," என்றார் என்னிடம். "ஆனால் விரதத்தை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அம்மாவிடம் யாராவது அப்படிச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா?"

நான்கு நாள் கழித்து கனகலதா வந்தார். ஊசிகளை மாட்டிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். பெட்டி டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அருணா," என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். அருணாதேவி என்ற என் பெயரை முதல் வாரத்திலேயே சுருக்கிவிட்டிருந்தார். "ஒண்ணு சொல்றேன். டாக்டர்கிட்ட சொல்லாத."

"அப்படின்னா எங்கிட்டயும் சொல்லாதீங்கம்மா," என்றேன். "இந்த ரூம்ல நீங்க என்ன சொன்னாலும் அவங்களுக்குச் சொல்லணும். அதுக்குத்தான் என்னை வெச்சிருக்காங்க."

"இன்னா பொண்ணுடி நீ. கல்லு."

கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று உறுத்தியது. ஆனால் வேறு எப்படிச் சொல்வதென்றும் எனக்குத் தெரியவில்லை. அடுத்தவரின் தாளை எடுத்து நிரப்பத் தொடங்கினேன்.

"சரி," என்றார். "சொல்லிக்கோ. அது நோன்பே இல்ல."

மூன்று வருஷத்துக்கு முன் வந்தவாசிப் பக்கம் ஒரு கல்யாணம். திரும்பி வர இரண்டு மணி நேர பஸ். வழியில் எங்கும் இறங்க முடியாது. அதனால் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடவில்லை. பந்தியில் மோர் கொண்டுவந்தவரிடம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓரகத்தி பிரபாவதி, கணவரின் அண்ணன் மனைவி, "ஏன், நோன்பா?" என்றார். கனகலதா தலையை ஆட்டிவிட்டார்.

"அவ்ளோதான். ஒரே ஒரு தலையாட்டல். ஊருக்கு வர்றதுக்குள்ள பிரபா அக்கா எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. மறுநாள் ஒரு வீட்டுக்குப் போனா காபி குடுக்கல, டீ குடுக்கல. 'நீங்க நோன்பாச்சே'ன்னு வெறும் பாயைப் போட்டு ஒக்கார வெச்சாங்க. எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துது தெரியுமா? குடிக்காம இருந்தா நனையாம இருக்கலாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அப்புறம் பாத்தா, கால்ல விழறாங்கடி. என் கால்ல! பரீட்சைக்குப் போற பசங்க, மாசமா இருக்கற பொண்ணுங்க. தாகத்துல நாக்கு மேல ஒட்டிக்குனு நிக்கறேன், அவங்க கண்ணை மூடிக்குனு கும்பிடறாங்க."

"கசிவு கம்மியாச்சாம்மா?"

"எங்க கம்மியாச்சு? கொஞ்சமா வந்தாலும் நெருப்பா எரியுது. வாடை வேற. ஒண்ணைத் தடுக்கப் போய் ரெண்டாச்சு."

டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். காலில் விழுந்ததையும் விடவில்லை. கனகலதா தலையணையிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. டாக்டருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, வெளியே போனார். வராந்தாவில் நின்று போனில் மராத்தியில் யாருடனோ மெதுவாகப் பேசும் குரல் கேட்டது. 'ஆயி' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அம்மா.

திரும்பி வந்தவர் கையில் வெள்ளைத் துணி ஒன்று இருந்தது. தண்ணீர் கேனின் குழாய் வாயில் அதை இரண்டாக மடித்துக் கட்டினார். வடிகட்டாத தண்ணீரை ஜைனர்கள் குடிக்க மாட்டார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். மணி மாலை நாலரை. கனகலதா எழுந்து உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கைகளாலும் வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொண்ணு," என்றார்.

அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் கிளினிக்கில் தாராளமாகக் குடித்தார். மற்ற நாட்களில் அங்கன்வாடியின் சாமான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார். டாக்டர் கொடுத்த தாளில் எத்தனை டம்ளர், எத்தனை முறை கசிந்தது என்று நேர்மையாகக் குறித்துக்கொண்டு வந்தார். முதல் சில நாட்கள் கசிவு அதிகமானதில் அழுதேவிட்டார். பிறகு எரிச்சல் நின்றது. நாலாவது வார முடிவில், ஒரு நாளைக்கு ஒன்பது பத்து முறை என்று இருந்த கசிவு ஐந்தாகக் குறைந்தது. தும்மல் வருவதற்கு முன் அடித்தசையை இறுக்கப் பழகிவிட்டதாகச் சொன்னார். ஊசியா, பயிற்சியா, தண்ணீரா, எது வேலை செய்கிறது என்று கேட்டார். மூன்றும்தான், எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஜம்புகுமாரிடமும் சொல்லிவிட்டார். அவர் என்ன சொன்னார் என்று நானே கேட்டேன்.

"துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்குனாரு. அப்புறம், 'நீ காபி குடிக்கலன்னுதானே நானும் மூணு வருஷமா சாயங்காலக் காபியை விட்டேன்?'ன்னாரு. எனக்கே தெரியாதுடி. தோட்டத்துல குடிச்சிட்டு வர்றாருன்னு நெனைச்சேன். 'சரி, அடுப்பை மூட்டு'ன்னு எழுந்துட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு பேரும் ரெண்டு ரெண்டு டம்ளர் குடிச்சோம்."

ஆனால் ஊருக்கு இன்னும் தெரியாது. ஐந்தாவது வாரம் கோயில் விசேஷத்தின் அழைப்பிதழைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். உள்ளே, முதல் குடம் என்று போட்டு, 'மூன்றாண்டுகளாக ஒருவேளை நோன்பிருக்கும் திருமதி கனகலதா ஜம்புகுமார்' என்று அச்சாகியிருந்தது.

"பிரபா அக்கா போட வெச்சது. ரெண்டு வாட்டி சொல்லலாம்னு அவங்க வீட்டுக்குப் போனேன். போனாலே வாசல்ல கோலத்தைத் தாண்டி வந்து கையப் புடிச்சிக்கறாங்க. எப்படிச் சொல்றது?" அழைப்பிதழை மடித்தார். "மொதல்ல நனைஞ்சிடுவேனோன்னு பயந்தேன். இப்போ நனைய மாட்டேன்னு தோணுது. அதான் பயமா இருக்கு. நனையாம நடந்துட்டேன்னு வை, இந்தப் பொய் கடைசி வரைக்கும் கூடவே வரும்."

கடைசி முறை முடிந்த அன்று தாளில் இரண்டு என்று எழுதியிருந்தார். விசேஷத்துக்கு என்னைக் கூப்பிட்டார். "நீ பின்னாடியே நட. புடவை நனைஞ்சா என் தோளைத் தொடு. ஒண்ணும் பேச வேணாம், உனக்குத்தான் பேச வராதே."

விசேஷத்தன்று அவர் குடம் சுமந்தார். முதல் குடத்தை அல்ல, கடைசிக் குடத்தை. இருபது பெண்களுக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் நான். சித்திரை வெயிலில் தார் ரோடு காலைச் சுட்டது. கோயில் வாசலில் சாம்பிராணிப் புகை முகத்தில் அடித்து அவர் பெரிதாகத் தும்மினார். குடம் ஆடி, கழுத்து வரை தண்ணீர் தெறித்தது. கீழே நான் பார்த்தேன். தோளைத் தொட வேண்டியிருக்கவில்லை. "ஒரு சொட்டு வந்துது. எனக்கு மட்டுந்தான் தெரியும்," என்று சாப்பிடும்போது காதில் சொன்னார்.

முழுக்க நின்றுவிடவில்லை. சளி பிடித்தால் இன்றைக்கும் தொந்தரவுதான். பயிற்சியை விடாமல் செய்கிறார். எடைத் தொட்டிலில் குழந்தைகளை மறுபடியும் அவரே தூக்கி வைக்கிறார். ஆனால் சிரிக்கிறார். அவர் சிரிப்பு அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிரபாவதி ஒரு மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறார், 'ஏ நோன்புக்காரி' என்றுதான் கூப்பிடுகிறார். ஊரையே ஏமாத்தினாளே என்று ஒரு முறை நாலு பேர் முன்னால் சொன்னதற்கு, "ஊரை எங்க ஏமாத்தினேன்க்கா? பஸ்சைத்தான் ஏமாத்தினேன்," என்றாராம் கனகலதா. பிரபாவதிக்கே சிரிப்பு வந்துவிட்டதாம்.

இதெல்லாம் பிறகு. விசேஷத்தன்று காலை கிணற்றடியில் இருபத்தோரு பித்தளைக் குடங்களும் வாயில் துணி கட்டி, தண்ணீர் நிரம்பி, வரிசையாக இருந்தன. மஞ்சள் புடவையில் பெண்கள் நின்றிருந்தார்கள். ஜம்புகுமார் சற்றுத் தள்ளி ஆண்களோடு நின்றுகொண்டு மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கில் ஒருவர் அழைப்பிதழைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார். 'மூன்றாண்டுகளாக' என்று அவர் சொல்லும்போது பிரபாவதி முதல் குடத்தைத் தூக்கிக் கனகலதாவின் தலைக்கு நேராகக் கொண்டுவந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"கொஞ்சம் இருங்கக்கா," என்றார் கனகலதா.

மைக் நின்றது. அவர் திரும்பி, கூட்டத்துக்கு வெளியே என்னைத் தேடினார். என் தோளில் எவர்சில்வர் பாட்டில் தொங்கியது. புறப்படும் முன் கிளினிக்கில் அந்த வெள்ளைத் துணியில் பிடித்த தண்ணீர். எல்லோரும் அவர் பார்த்த பக்கம் பார்த்தார்கள். எனக்கு எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவர் கையை நீட்டினார்.

"அருணா, அந்த பாட்டிலைக் குடு. காலையிலேர்ந்து தாகமா இருக்கு."